சாட்சி நமக்கு, சோதனை அவர்களுக்கா?

காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டில் ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆவணப்படமாக எடுக்கலாம், சோதனைப்படமாகவும் எடுக்கலாம். கோடு, புள்ளி, வண்ணம், எழுத்து இவற்றை அசையவிட்டுச் செய்கிற மோஷன் கிராஃபிக்ஸையும் சோதனைக் கணக்கில்தான் வைக்கிறார்கள். விதிப்படி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடைமுறையில் காலனியிலிருந்து வந்த மாணவன் கையில் ஆவணப்படம் வந்து சேர்கிறது. அவன் தன் தெருவைக் காட்ட வேண்டும், தன் அம்மாவைப் பேட்டி எடுக்க வேண்டும், தன் சாதியின் காயத்தைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்துப் பெஞ்சுக்காரன் தண்ணீரில் மை சொட்டுவதைப் படம் பிடித்து 'காலம்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இதை யாரும் அதட்டிச் சொல்வதில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அந்த அக்கறையைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஊர் ஆறுமுகநேரி. அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. நான் படித்த கல்லூரியில், உப்புக் கல்லை மட்டும் வைத்து மூன்று நிமிடம் ஒரு படம் செய்யப் போகிறேன், அதில் முகமும் பேச்சும் இருக்காது என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் நல்ல மனுஷன். "இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா? உன்கிட்ட நெஜமான கதை இருக்கு. அம்மாவ உட்கார வச்சுப் பேட்டி எடு. ரெண்டு நிமிஷம் அவங்க பேசினாப் போதும், பாக்கிறவன் அழுதுருவான்" என்றார். என் அம்மா பேசினால் அழுவதற்கு ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. என் அம்மாவின் வேலையில் ஒரு வடிவம் இருக்கிறது, ஒரு கணக்கு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அந்தக் கூட்டத்துக்குக் காது கேட்காமல் போகிறது.

தமிழில் இது புதுசு இல்லை. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதை வாழ்க்கைக் கதையாக, வாக்குமூலமாக வாசித்தவர்களே அதிகம். எழுத்துத் தமிழின் முதுகெலும்பையே வளைத்துப் போட்ட அந்த மொழியைப் 'பேச்சு வழக்கு' என்று ஒரே வார்த்தையில் ஓரம் கட்டினார்கள். அதே வேலையை வேறு சாதிக்காரர் செய்திருந்தால் 'மொழிப் பரிசோதனை' என்று கருத்தரங்கமே நடந்திருக்கும். ராஜ் கௌதமன் போன்றவர்கள் தலித் பண்பாடு, தலித் அழகியல் என்று அடித்துப் பேச வேண்டி வந்தது இதனால்தான். நம்மிடம் இருப்பது வெறும் கச்சாப் பொருள், அதைச் சமைக்கிற கை அவர்களுடையது என்ற எண்ணத்தை உடைக்க அந்தச் சண்டை தேவைப்பட்டது. எழுத்தில் அதைப் பாதியாவது வென்றிருக்கிறோம். காணொளியில் இன்னும் தொடங்கவே இல்லை.

அருவமான படத்துக்குச் சாதி இல்லை, அது உலகப் பொது என்று வகுப்பறையில் சொல்லித் தருகிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். லென் லை என்பவர் 1935-இல் கேமரா இல்லாமல் படச்சுருள் மேலேயே வண்ணம் தீட்டி 'எ கலர் பாக்ஸ்' செய்தார். காசு கொடுத்தது பிரிட்டிஷ் தபால் துறை. துள்ளிக் குதிக்கிற கோடுகளுக்கு நடுவே பார்சல் கட்டண விளம்பரம் வரும். 'மோஷன் கிராஃபிக்ஸ்' என்ற பெயரையே 1960-இல் தன் கம்பெனிக்கு வைத்துக்கொண்ட அமெரிக்கர் ஜான் விட்னி, விமானத்தைச் சுடும் பீரங்கிக்குக் குறி பார்த்துக் கொடுக்கிற இரண்டாம் உலகப் போர்க் கருவியைப் பழைய சாமானாக வாங்கி, அதைப் படம் வரையும் இயந்திரமாக மாற்றினார். இந்த ஊர்க் கதைக்கு வந்தால், பிரமோத் பதி 1968-இல் செய்த 'எக்ஸ்ப்ளோரர்', 1972-இல் செய்த 'ஆபித்' எல்லாம் பம்பாயிலிருந்த மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் படங்கள். ஊர்த் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயமாக ஓடிய 'நியூஸ் ரீல்' வந்ததும் அதே நிறுவனத்திலிருந்துதான்.

ஆக, புள்ளிக்கும் கோட்டுக்கும் பின்னால் தபால் துறை இருந்தது, ராணுவம் இருந்தது, அரசாங்கம் இருந்தது. படியளந்தவன் ஒருத்தன் எப்போதும் இருந்தான். 'ஆபித்' படத்தில் ஓர் ஓவியர் ஓர் அறைக்குள் தத்தித் தத்தி நகர்கிறார். ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் புகைப்படமாக எடுத்து ஓட்டுகிற 'பிக்ஸிலேஷன்' உத்தி அது. அறை முழுக்க வண்ணம் பரவுகிறது. நல்ல படம், குதூகலமான படம். ஆனாலும் நம்மாளு பார்க்கும்போது அவனுக்குள் ஒரு கேள்வி எழும்: ஷூட்டிங் முடிந்ததும் அந்த அறையைக் கழுவினது யாரு? இந்தக் கேள்வியைக் கேட்பதால் படத்தின் அழகு குறைந்துவிடாது. அருவம் என்பது ஆளில்லாத இடத்தில் முளைத்ததில்லை என்பது மட்டும் தெரியவரும்.

அதே வரலாற்றில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. குறி பார்க்கிற கருவியைக் கோடு வரைகிற கருவியாக்க முடிந்தது. நார்மன் மெக்லாரன் 1955-இல் கறுப்புப் படச்சுருளைக் கத்தியால் கீறியே 'பிளிங்கிட்டி பிளாங்க்' படத்தைச் செய்தார். இன்னும் பின்னால் போனால், 1830-களில் டால்பட் என்ற ஆங்கிலேயர் காகிதத்தைச் சாதாரண உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, வெயில் பட்டால் கறுக்கிற தாளை உண்டாக்கினார். பதிந்த உருவம் மேலும் கறுக்காமல் நிறுத்தவும் கெட்டியான உப்புக் கரைசலையே பயன்படுத்தினார். காகிதத்தில் பதிந்த புகைப்படமே உப்பில்தான் தொடங்கியிருக்கிறது. உப்பளத்துப் பிள்ளைக்குப் படவடிவத்தில் உரிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்தச் செய்தி போதும்.

இப்போது நம் பகுதியில் எடுக்கப்படுகிற படங்களுக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் உள்ள உப்பளங்கள் மாணவர் குறும்படங்களுக்கும் ரீல்ஸுக்கும் பிடித்தமான களமாகிவிட்டன. பெரும்பாலும் ட்ரோன் காட்சிதான். மேலிருந்து பார்த்தால் பாத்திகள் கட்டம் கட்டமாக, வெள்ளை, சாம்பல், வெளிர்சிவப்பு என்று ஓவியம் மாதிரித் தெரியும். நடுவில் ஒரு புள்ளி நகரும். அது ஒரு பெண், தலையில் உப்புக் கூடையோடு. பின்னணியில் பியானோ. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. கல்லூரியில் திரையிட்ட அப்படியொரு படத்தை அம்மாவிடம் போனில் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாள். "எய்யா, மேல இருந்து பாத்தா நாங்க எறும்பு மாதிரி தெரியுதோம். பாக்கச் சொகமாத்தான் இருக்கு. ஆனா எந்தப் பாத்தியில எம்புட்டுக் கரிக்குன்னு மேல இருந்து தெரியாதுல்லா?" என்றாள்.

இதைவிடத் துல்லியமான திரைவிமர்சனத்தை நான் படித்ததில்லை. உப்பளம் என்பது வண்ணத்துக்கு முன்னால் காலமும் கரிப்பும். மழைக்காலம் முடிந்து பாத்தியை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்ணீரைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்டவிட வேண்டும். மானியில் 25 டிகிரி அளவுக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். அதைத் தாண்டி ரொம்பச் சுண்டிவிட்டால் கசப்பு சேரும். பிறகு பலகை போட்டு வாரி, வரப்பில் சேர்த்து, சுமந்து அம்பாரமாகக் குவிக்க வேண்டும். இதற்குள் எத்தனை தாளம், எத்தனை காத்திருப்பு! சோதனைப்படம் என்று சொல்லிக்கொள்கிறவன் தேடி அலைகிற கால அளவு அங்கே பாத்தியிலேயே கிடக்கிறது. ட்ரோன் அதைப் பத்து வினாடியில் தாண்டிப் போய்விடுகிறது.

ட்ரோன் படத்துக்கு எதிராக நிற்பதாகச் சொல்லிக்கொள்கிற ஆவணப்படத்தையும் விட்டுவிட முடியாது. அதில் வெடித்த குதிகாலுக்கு ஒரு குளோசப். வெள்ளை வெளிச்சம் பட்டுப்பட்டு நீர் வடிகிற கண்ணுக்கு ஒரு குளோசப். வயலின். தொழிலாளிப் பெண் கேமராவைப் பார்த்துக் கும்பிடுவதோடு முடியும். முதல் படத்தில் அவள் ஒரு புள்ளி, இரண்டாவதில் அவள் ஒரு புண். இரண்டிலும் அவளுக்கு வேலை தெரியும் என்பது இல்லை. நாவலில் இந்த உப்பளம் வேறு மாதிரி வந்திருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து வந்து, பார்த்து, விசாரித்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். தூத்துக்குடிக்காரரான ஸ்ரீதர கணேசன் 'உப்பு வயல்' எழுதினார். வெளியிலிருந்து வருகிறவர் எழுதக்கூடாது என்பது என் வாதமில்லை. பார்வை எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பிரிவினையை ஏற்காத படங்கள் நம்மிடம் உண்டு. மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த 'பீ' படத்தைப் பலரும் மலம் அள்ளும் கொடுமை பற்றிய ஆவணமாகவே பேசுகிறார்கள். அதன் வடிவத்தைப் பேசினவர்கள் குறைவு. ஒரு தெரு, ஒரு பெண், அவள் வேலை. கேமரா அவள் கூடவே போகிறது. பார்க்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைக்கிற கணத்தில் அது காட்சியை வெட்டாமல் நீள்கிறது. அந்த நீளம்தான் அரசியல். ஐரோப்பிய இயக்குநர் ஒருவர் அடுப்படி வேலையை இப்படி வெட்டாமல் காட்டினால் நாம் அதைக் கால அழகியல் என்கிறோம். மதுரைத் தெருவில் நடந்தால் சமூகப் பிரச்சினைப் படம் என்று வேறு அலமாரியில் வைக்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் நாகராஜ் மஞ்சுளே அகமத்நகரில் தொடர்பியல் படித்தபோது, படிப்பின் ஒரு பகுதியாகச் செய்த குறும்படம் 'பிஸ்துல்யா'. பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டும் போகமுடியாத ஒரு சிறுவனின் கதை. தேசிய விருது பெற்றது. பின்னால் 'ஃபன்றி', 'சைராட்' எடுத்த கை மாணவர் படத்திலேயே உருவாகிவிட்டது. பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' 2021-இல் வந்தது. புனே திரைப்படக் கல்லூரி மாணவர்கள் 2015-இல் 139 நாள் நடத்திய வேலைநிறுத்தம் அதில் இருக்கிறது. யாரோ எடுத்த துண்டுக் காட்சிகள், பத்திரிகைக் கத்தரிப்புகள், கோட்டுச் சித்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பெண்குரல் கோத்துக்கொண்டு போகிறது. சாதியால் பிரிக்கப்பட்ட காதலனுக்கு அவள் எழுதும் கடிதங்கள் அவை. சாதி என்று பேசினால் நேரடிப் பேட்டியாகத்தான் பேச முடியும் என்ற கட்டாயம் அங்கே உடைகிறது.

இந்த வரிசையில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று 2020-இல் ராஜேஷ் ராஜாமணி இயக்கிய 'தி டிஸ்கிரீட் சார்ம் ஆஃப் தி சவர்ணாஸ்'. முற்போக்கான மூன்று பேர் தங்கள் படத்துக்காகத் 'தலித் மாதிரி இருக்கிற' நடிகரைத் தேடி அலைகிறார்கள். சிரிப்பாக வருகிறது. நான் மேலே சொன்ன அக்கறை எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. நம் முகம் தேவை, நம் நிறம் தேவை. எதை எப்படி எடுப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலி மட்டும் நமக்கில்லை.

நம் பக்கத்துத் தோழர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். போராட்டம் நடக்கும்போது கோடும் புள்ளியும் எதுக்குத் தோழர்? சாட்சிதானே முக்கியம்? சாட்சியின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தை அடித்துத் தாமிரபரணிக்குள் தள்ளினார்கள். 17 உயிர்கள் போயின. அந்த ஆறு எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே புன்னைக்காயலில்தான் கடலில் சேர்கிறது. ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' எடுக்காமல் போயிருந்தால் அரசாங்கம் சொன்ன கதையே கதையாகியிருக்கும். 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, வேன் மேல் ஏறிக் குறி பார்த்தவனின் படம்தான் உலகத்துக்கு உண்மையைச் சொன்னது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள் என்றால், படத்துக்கு எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சி சொல்லுவோம், எப்போதும் சொல்லுவோம். ஆனால் சாட்சிக்கூண்டில் மட்டுமே நில் என்று சொல்கிறவனை ஒப்புக்கொள்ளக் கூடாது. சாட்சி சொல்கிறவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும். கேள்வியை உண்டாக்குகிறவனுக்கு வடிவம் வேண்டும்.

அருவம் நமக்குப் புதுசு என்பதும் பொய். பறையின் அடிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எந்தக் கலைஞன் சொல்லுவான்? அது எண்ணிக்கை, இடைவெளி, திருப்பம். ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்குத் தாவும்போது கூட்டத்தின் உடம்பு முழுக்கத் தாவுகிறது. அதைச் சாவுமேளம் என்று பெயர் வைத்து ஒதுக்கினதும், ஊர் வேலையாகத் திணித்ததும் சாதி. அதனால்தான் அடிக்க மறுத்ததும் நம் போராட்டம், மேடையில் தலைநிமிர்ந்து அடித்ததும் நம் போராட்டம். ஒரு புள்ளி எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்கிற கணக்கு மோஷன் கிராஃபிக்ஸில் பாதி வேலை. அந்தக் கணக்கு தெரிந்த சமூகத்தைப் பார்த்து உனக்கு அருவம் புரியாது என்று சொல்லுதான்!

நான் அந்த உப்புப் படத்தைச் செய்தேன். மொட்டை மாடியில் கறுப்புத் துணி விரித்து, போனை ஸ்டாண்டில் கட்டி, உப்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தேன். வினாடிக்கு 12 படம், மூன்று நிமிடத்துக்கு 2,160 படம். இடதுபக்கக் குவியல் கரைந்து வலதுபக்கத்தில் அம்பாரம் ஏறும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தாளம், நடை கூடக் கூட இடைவெளி நீளும். ஒலியாகச் சேற்றில் கால் வைக்கிற சத்தம் மட்டும். எழுத்தும் ஒரு சண்டைதான். அசைவூட்டும் மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் தமிழை ஒழுங்காக அடிக்க முடியாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறி நிற்கும். எண்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் பார்த்தவர்கள் 'மெசேஜ் என்ன' என்று கேட்டார்கள். மை சொட்டின படத்திடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. எங்கள் தெருவில் ராத்திரி சுவரில் போட்டபோது பெண்கள் வாய்விட்டு எண்ணினார்கள். இருபதாவது நடை தாண்டினதும் ஒரு சித்தி, "ஏட்டி பாருங்க, இங்கதான் இடுப்பு பிடிக்கும்" என்றாள். அவ்வளவு நேரமும் திரையில் இடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. இடைவெளி நீண்டதை அவள் உடம்பு படித்துவிட்டது. சாமானியனுக்குச் சோதனைப்படம் புரியாது என்று சொல்கிறவர்கள் யாரை உட்கார வைத்துக் காட்டினார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. பெரிய கேமராவுக்குக் காத்திருக்க வேண்டாம். போன் போதும். பிளெண்டர், கிரிட்டா போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் கிடைக்கிற பொருளிலிருந்து தொடங்குங்கள்: தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கின குச்சி, பீடி இலையின் வெட்டுத்துண்டு, வலையின் கண்ணி, உப்புக் கல். அந்தப் பொருளை வேலை செய்த கை எந்தத் தாளத்தில் நகர்த்தியதோ, அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டு அதில் நகர்த்துங்கள். எடுத்ததை முதலில் அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். தெருவைக் காட்ட விருப்பமிருந்தால் காட்டுங்கள். விருப்பமில்லாவிட்டால் வெறும் வட்டத்தை உருட்டுங்கள். வட்டத்தை உருட்டுவதற்கும் நமக்கு உரிமை இருக்கிறது. அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர்களாக உட்காருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேரிப் பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது 'எவ்வளவு உண்மை' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வெட்டு எங்கே விழுகிறது, மௌனம் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேளுங்கள். குறை இருந்தால் குறையைச் சொல்லுங்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கிற பரிசைவிடக் கறாரான விமர்சனம் மரியாதையானது. நம் பத்திரிகைகளும் இதைச் செய்ய வேண்டும். கவிதைக்கும் கதைக்கும் பக்கம் ஒதுக்குகிற நாம் மூன்று நிமிடக் காணொளியை உட்கார்ந்து பிரித்துப் பேசினதே இல்லை. நாம் பேசாத வரைக்கும் அதற்கான மொழியை அவர்கள்தான் வைத்திருப்பார்கள்.

சோதனை என்ற வார்த்தைக்குத் தமிழில் ரெண்டு பொருள். கஷ்டம் என்ற பொருளில் நமக்குத் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் கொடுத்தார்கள். முயன்று பார்ப்பது என்ற பொருளில் கேட்டால் மட்டும் கையை மூடிக்கொள்கிறார்கள். அதை இனிக் கேட்டு வாங்கப் போவதில்லை. எடுத்துக்கொள்வோம்.